மண்ணைப் பார்த்துத் துணி எடுத்தோம்: டர்பன் கோயிலொன்றில் மூன்று வேலைகள்

டர்பனுக்குத் தெற்கே சரிவில் இருக்கும் சிறிய அம்மன் கோயில் ஒன்றில் மூன்று இடங்களில் ஜியோடெக்ஸ்டைல், அதாவது மண்ணுக்கடியில் போடும் செயற்கை இழைத் துணி, போட்டோம். மேலே மண்டபத்தை ஒட்டிய தடுப்புச் சுவருக்குப் பின்னால் வடிகாலுக்கு ஒன்று. நடுவில், வண்டி நிறுத்துமிடத்தில் சேற்றுக்கும் சரளைக்கும் இடையே ஒன்று. கீழே ஓடைக்கரையில் கல் கூண்டுகளுக்கு (கற்களை அடுக்கிய கம்பிவலைப் பெட்டிகள்) அடியில் ஒன்று. மூன்றும் நெய்யாத துணி வகைதான் (இழைகளை நெய்யாமல் கம்பளி போலப் பிணைத்தது), ஆனால் மூன்றும் வேறு வேறு துணி. ஒரே ரோலாக வாங்கினால் விலை குறையுமே, எதற்கு மூன்று என்று கோயில் கமிட்டியில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொதுப்பணம், உண்டியல் காசு. அதற்குக் கூட்டத்தில் வாயால் சொன்ன பதிலை, இதே மாதிரி வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த ஊர்த் தளங்களில் யாரும் ஜியோடெக்ஸ்டைல் என்று முழுதாகச் சொல்வதில்லை. எந்தக் கம்பெனித் துணியானாலும் அது "பிடிம்"தான். பிடிம் என்பது உண்மையில் ஒரு வணிகப் பெயர். பிரான்சில் பிறந்து, இப்போது தென்னாப்பிரிக்காவிலேயே பழைய பாலியஸ்டர் பாட்டில்களை உருக்கி இழையாக்கித் தயாராகிறது. பெயர் அவ்வளவு பரவிவிட்டதால் ஒரு சங்கடம்: கடையில் போய் "பிடிம் கொடுங்கள்" என்றால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். எந்த கிரேடு, எந்த இழை, துளை எவ்வளவு என்று நாம்தான் கேட்க வேண்டும்.

சுவர் ஏன் சாய்ந்தது

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளின் மழையை டர்பனில் யாரும் மறக்க முடியாது. சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீக்கு மேல் கொட்டியது. குவாசுலு-நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் கோயிலில் உயிருக்குச் சேதம் இல்லை, அம்மன் காப்பாற்றினாள். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த, சுமார் 2 மீட்டர் உயரத் தடுப்புச் சுவர் மட்டும் முன்பக்கம் வயிறு தள்ளி நின்றது. பிறகு வந்த ஒவ்வொரு கோடை மழையிலும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கடைசியில் பொறியாளர் வந்து பார்த்து, இடித்துக் கட்டச் சொன்னார்.

இடித்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. சுவருக்குப் பின்னால் கருங்கல் ஜல்லி போட்டிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் போட்டதுதான். ஆனால் ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. ஒரு பகுதியில் மட்டும் பிளாஸ்டிக் பின்னல் சாக்குகளைப் பிரித்து விரித்திருந்தார்கள். வெறும் ஜல்லி இருந்த பகுதியில் கற்களின் சந்துகள் முழுக்கச் செம்மண் அடைத்து, கடப்பாரையால் குத்தினால் செங்கல் மாதிரி கட்டியாகப் பெயர்ந்தது. சாக்கு போட்ட பகுதியில் ஜல்லி ஓரளவு சுத்தமாக இருந்தது, ஆனால் சாக்கின் மண் பக்கத்தில் வழவழவென்று ஒரு களிமண் படலம். அதன் வழியே தண்ணீர் வரவே இல்லை. ஆக ஒரு பக்கம் மண் உள்ளே புகுந்து வடிகாலைக் கொன்றது, இன்னொரு பக்கம் துணியே அடைத்துக்கொண்டு வடிகாலைக் கொன்றது. வடிகால் துணி தேர்வில் நடக்கக்கூடிய இரண்டு தவறுகளும் ஒரே சுவருக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

தண்ணீர் வெளியேறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் சுவரின் அடியில் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோநியூட்டன். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமமாகத் தள்ளும். மண்ணின் தள்ளல் அதற்கு மேல். சுவரை எத்தனை பருமனாகக் கட்டினாலும் பின்னால் தண்ணீர் நிற்க விட்டால் பணம் வீண். கமிட்டியில் இந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் சுவருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை வடிகாலுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

முதலில் மண்

துணிக் கடைக்குப் போகும் முன் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததில் முக்கால் பங்கு.

எங்கள் சரிவில் இருப்பது பெரேயா செம்மணல். டர்பன் கரையோர மேடுகளில் வீடு கட்டிய எவருக்கும் பழக்கமான மண். பழைய கடற்கரை மணல் மேடுகள் நெடுங்காலம் சிதைந்து, மணலுக்கு மேல் இரும்பு ஆக்சைடு பூசி, களிமண்ணும் சேர்ந்து உருவானது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் போல நிற்கும். அதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். நனைந்ததும் பிடிமானம் போய்விடும். குழாய் ஒழுகும் இடத்தில் ஒரே இரவில் குகை போல அரித்துவிடும்.

வெட்டிய இடத்தில் மூன்று ஆழங்களிலிருந்து மண் எடுத்தேன். முதலில் வீட்டிலேயே கண்ணாடிச் சாடிச் சோதனை: மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கும். வண்டல் இறங்க ஓரிரண்டு மணி நேரம் ஆகும். களிமண் மறுநாள் வரை கலங்கியே நிற்கும். பார்வைக்கு ஒரே சிவப்பாக இருந்த மூன்று மாதிரியும் சாடியில் வேறு வேறாகப் பிரிந்தன. அடி ஆழத்து மண்ணில் களி கூடுதல்.

அடுத்தது உருண்டைச் சோதனை. இது இரண்டு நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. பட்டாணி அளவு மண்கட்டியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் மெல்லப் போட வேண்டும். கட்டி உடைந்து சரிந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போலக் கலங்கல் பரவி, அடங்காமல் நின்றால் அந்த மண் தானாகவே கரைந்து ஓடும் வகை. அந்த வகைக் களிமண்ணின் துகளை எந்தத் துணியும் நம்பகமாகப் பிடிக்காது. துணிக்கும் மண்ணுக்கும் நடுவில் மணல் அடுக்கு வேண்டும், பொறியாளர் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் மண்ணில் கலங்கல் வரவில்லை.

பிறகு ஆய்வகத்தில் சல்லடைச் சோதனை. 75 மைக்ரான் சல்லடை வழியே இறங்கும் நுண்துகள் மொத்தத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு என்று வந்தது. துணியைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு எண் போதும் என்றே சொல்லலாம். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைகளின் ஆஷ்டோ எம்288 விவரக்குறிப்பு நிலத்தடி வடிகால் துணியை இந்த நுண்துகள் அளவை வைத்துத்தான் பிரிக்கிறது. நுண்துகள் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துணியின் தோற்றத் துளை (துணி வழியே நுழையக்கூடிய ஏறக்குறைய மிகப் பெரிய துகளின் அளவு) 0.43 மி.மீ வரை போகலாம். 15 முதல் 50 சதவீதம் என்றால் 0.25 மி.மீ தாண்டக் கூடாது. 50க்கு மேல் போனால் 0.22 மி.மீ. கூடவே தண்ணீர் கடத்தும் திறனுக்கும் குறைந்தபட்சம் உண்டு: முறையே நொடிக்கு 0.5, 0.2, 0.1 (இந்த எண்ணைத் துணியின் தடிமனால் பெருக்கினால் தண்ணீர் போகும் வேகம் வரும்). நாங்கள் நடு வகை.

இந்த இரண்டு எண்களும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. துளை சிறிதானால் மண் நிற்கும், தண்ணீரும் திணறும். துளை பெரிதானால் தண்ணீர் ஓடும், மண்ணும் கூடவே ஓடும். துணி எல்லாத் துகளையும் தடுக்க வேண்டியதில்லை. பெரிய துகளைத் துணி பிடித்தால் போதும். அந்தப் பெரிய துகள் நடுத்தரத் துகளைப் பிடிக்கும், நடுத்தரம் சிறியதைப் பிடிக்கும். துணிக்குப் பின்னால் மண் தானே ஒரு வடிகட்டியைக் கட்டிக்கொள்ளும். அது அமைவதற்குள் ஓரத்திலிருக்கும் கொஞ்சம் நுண்மண் கழுவிப் போய்விடும். அதனால் புதிய வடிகாலில் முதல் சில மழைகளுக்குக் கலங்கல் தண்ணீர் வந்தால் பயப்படாதீர்கள். தெளியாமல் வந்துகொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

1970இல் பிரான்சில் வால்க்ரோ என்ற இடத்தில் 17 மீட்டர் உயர மண் அணை ஒன்று கட்டியபோது அந்த வண்டல் மணலுக்குப் பொருத்தமான வடிகட்டி மணல் கிடைக்காததால், ஊசி குத்திய (இழைகளை ஊசிகளால் குத்திப் பின்னிய) நெய்யாத துணியை வடிகாலைச் சுற்றிப் போட்டார்கள். அணை வடிகாலுக்கு இத்துணியை முதலில் நம்பியது அங்கேதான். பல ஆண்டுகள் கழித்து மாதிரி வெட்டி எடுத்துப் பார்த்தபோதும் துணி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. "துணி எத்தனை நாளைக்கு அண்ணே தாங்கும்?" என்று கமிட்டியில் ஒரு தம்பி கேட்டபோது நான் சொன்ன உதாரணம் இது.

தாத்தா கொண்டுவந்த ரோல்

துணி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் பகுதி லாரிக்காரத் தாத்தா ஒருவர் கனமான ரோல் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். குப்பை நிரப்பு நிலம் ஒன்றின் வேலையில் மிஞ்சியது. கோயிலுக்குக் காணிக்கை.

"தம்பி, கையில பிடிச்சுப் பாரு. எவ்வளவு கனம்! நீ மெல்லிசா ஒண்ணு வாங்கப் போறேன்னு சொன்னாங்க. இதைப் போட்டா ஆயுசுக்கும் கவலை இல்லையே?"

"கனம் நல்லதுதான் தாத்தா. ஆனா அது செய்யற வேலையே வேற."

கனமான துணி எதற்கு இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். குப்பை நிலத்தின் அடியில் கசிவு மண்ணுக்குள் இறங்காமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் 2013இல் வந்த விதிமுறைகள் அந்த அடித்தள அடுக்குகளை வரிசையாக வரையறுக்கின்றன. அந்த விரிப்பின் மேல் கூரான கல் குத்தி ஓட்டை விழாமல் மெத்தை போலத் தாங்குவது கனத் துணியின் வேலை. சதுர மீட்டருக்கு 1000 கிராமைத் தாண்டியும் போடுவார்கள். அங்கே பருமன்தான் பாதுகாப்பு.

எங்கள் வடிகாலில் பருமனுக்கு அப்படி ஒரு வேலை இல்லை. ஊசி குத்திய துணியில் கனம் கூடக்கூடப் பொதுவாகத் துளை சுருங்கும், தண்ணீர் கடத்துவதும் குறையும். விறைப்பு வேறு. மேடுபள்ளமான பள்ளத்துச் சுவரில் படிந்து ஒட்டாமல் பாலம் போல நிற்கும். துணிக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் மண் துகள்கள் தண்ணீரில் மிதந்து வந்து துணியின் முகத்தில் படியும். பழைய சாக்கில் கண்ட களிமண் படலத்தின் தொடக்கம் இதுதான். எடையைப் பார்த்து வடிகால் துணி வாங்குவது அதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. கடைக்காரர்கள் கிராம் கணக்கில் விற்கிறார்கள், விலையும் கிராமோடு ஏறுகிறது. ஆனால் மண்ணுக்குக் கிராம் தெரியாது, துளைதான் தெரியும்.

தாத்தாவின் ரோலை வீணாக்கவில்லை. ஓடைக்கரைக்கு எடுத்து வைத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வடிகாலுக்கு வாங்கியது தொடர் இழை பாலியஸ்டர், ஊசி குத்தியது, சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வகையில். தரவுத்தாளைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். முதலாவது, துளை அளவை அளக்கும் முறை. அமெரிக்க முறையில் உலர்ந்த கண்ணாடி மணிகளைத் துணியில் சலிக்கிறார்கள், ஓ95 (துளைகளில் 95 சதவீதம் இதைவிடச் சிறியவை) என்ற எண் வரும். ஐஎஸ்ஓ முறையில் ஈரத்தில் மண்ணைச் சலிக்கிறார்கள், ஓ90 என்ற எண் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆஷ்டோ அட்டவணையை வைத்துத் தேர்ந்தெடுத்தால் அதே முறையில் அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, தாளிலுள்ள எண் சராசரியா, உத்தரவாதமான எல்லையா (துளைக்கு அதிகபட்சம், வலுவுக்கும் கடத்தலுக்கும் குறைந்தபட்சம்) என்பது. சராசரி என்றால் ஏறக்குறைய பாதி ரோல்கள் அந்த எண்ணை எட்டாது. எங்களுக்கு முதலில் வந்த விலைப்பட்டியலில் சராசரிதான் போட்டிருந்தது. கேட்டதும் மறு தாள் அனுப்பினார்கள்.

தண்ணீர் கடத்தும் திறனையும் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். துணியின் கடத்தல் நொடிக்கு 1.5 என்றும் தடிமன் 2 மி.மீ என்றும் வைத்துக்கொள்வோம். பெருக்கினால் நொடிக்கு 3 மி.மீ. களி கலந்த செம்மணலில் தண்ணீர் நகர்வது நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோ. துணி மண்ணைப் போலப் பத்து மடங்காவது கடத்த வேண்டும் என்பது வழக்கமான விதி. இங்கே நூறு மடங்குக்கு மேல் நிற்கிறது. நாள்பட்டுப் பாதி அடைத்தாலும் மிச்சம் இருக்கும்.

பள்ளத்தில் இறங்கியது

டர்பனில் மழை கோடைக்குத்தான், அதனால் தோண்டும் வேலையைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொண்டோம். ஆடிக் கூழ் ஊற்றுவதற்குள் மண்டபப் பக்கம் முடிந்துவிட வேண்டும் என்பது கமிட்டியின் ஒரே நிபந்தனை.

வேலையாட்களின் மேஸ்திரி வயதான ஜூலு மனிதர். எல்லோரும் அவரை "பாபா" என்றுதான் கூப்பிடுவோம். துணி போடுவதில் அவர் கைக்கு இருந்த பக்குவம் எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை. இளைஞர்கள் துணியைச் சுருக்கமில்லாமல் விறைப்பாக இழுத்துக் கட்டப் போனார்கள். பாபா விடவில்லை. தொய்வாக விட்டு, பள்ளத்தின் ஒவ்வொரு குழியிலும் கையால் அழுத்திப் படிய வைத்தார். இழுத்துக் கட்டினால் ஜல்லி கொட்டும்போது துணி மண்ணைத் தொடாமல் தொங்கும், இல்லையென்றால் கிழியும். வேர் பிடுங்கி ஆழமாகிவிட்ட குழிகளை முதலில் மணல் வைத்து நிரப்பினோம்.

ஜல்லி 19 மி.மீ. முதல் லோடு கல் தூசியோடு வந்தது. அதை அப்படியே போட்டால் துணி வெளிமண்ணைத் தடுக்கும், நாமே உள்ளே போட்ட தூசி குழாயை அடைக்கும். தரையில் கொட்டிக் கழுவிய பிறகே பள்ளத்தில் இறக்கினோம். அடியில் 110 மி.மீ துளைக் குழாய், துளை கீழ்நோக்கி, நூற்றுக்கு ஒன்று சரிவு. குழாய்க்குத் தனியாகத் துணி உறை சுற்ற வேண்டாம் என்று முடிவெடுத்தேன். வடிகட்டி வெளிச்சுற்றில் ஒன்று போதும். குழாயின் சின்னச் சுற்றளவில் இன்னொன்று போட்டால் எல்லாத் தண்ணீரும் அந்தச் சிறு பரப்பின் வழியே போக வேண்டும், முதலில் அடைவது அதுதான். ஜல்லி நிரம்பியதும் துணியின் இரு ஓரத்தையும் மேலே கொண்டுவந்து, 300 மி.மீ ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொட்டலம் மடிப்பது போல மடித்து மூடினோம். அதன் மேல் களிமண் கலந்த மண்ணை இறுக்கி, கூரைத் தண்ணீரும் தரைத் தண்ணீரும் வடிகாலுக்குள் நேரே இறங்காமல் வாய்க்காலில் திருப்பிவிட்டோம்.

செம்மண் என்பதால் இன்னொரு முன்னெச்சரிக்கை. மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வந்து, காற்றுப் படும் இடத்தில் நுண்ணுயிரிகளின் துணையோடு ஆரஞ்சு நிறக் கூழாகப் படியும். குழாய் வாயில் நீங்களும் பார்த்திருக்கலாம். துணித் தேர்வு இதை முழுக்கத் தீர்க்காது. அதனால் குழாயின் இரண்டு முனையிலும், திருப்பத்திலும் மேலே மூடியுள்ள சுத்தம் செய்யும் வாய் வைத்தோம், தண்ணீர் பீய்ச்சிக் கழுவ.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் துணிகள் மண்ணுக்குள் நெடுங்காலம் இருக்கும், வெயிலில் அல்ல. 500 மணி நேரப் புற ஊதாச் சோதனைக்குப் பின் பாதி வலு மிஞ்சினால் போதும் என்றுதான் விவரக்குறிப்பே கேட்கிறது. ரோலின் கறுப்பு உறையைப் பிரிப்பது அன்றன்று போடும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். விரித்ததை இரண்டு வாரத்துக்குள் மூடிவிட வேண்டும்.

வண்டி நிறுத்துமிடம்

காவடி தை மாதம் வருகிறது. இங்கே அது மழைக்காலத்தின் நடு. பேருந்துகளும் கார்களும் இறங்கும் கீழ்த்திடல் ஒவ்வொரு ஆண்டும் உழுத வயலாகிவிடும். ஆண்டுதோறும் சரளை கொட்டினார்கள், ஆண்டுதோறும் சரளை சேற்றுக்குள் போய்விட்டது. இங்கே துணியின் வேலை வடிகட்டுவதைவிடப் பிரித்து வைப்பது. மேலே சரளை, கீழே சேறு, இரண்டும் கலக்கக் கூடாது.

மண்ணின் வலுவை டிசிபி கம்பியால் அளந்தார்கள். 8 கிலோ சுத்தி 575 மி.மீ உயரத்திலிருந்து விழுந்து கூம்பை மண்ணில் இறக்கும். ஒவ்வொரு அடிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதிக்கொண்டே போவார்கள். தென்னாப்பிரிக்கச் சாலைப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கைவசம் வைத்திருக்கும் கருவி. எங்கள் திடலில் சிபிஆர் (தரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும் எண், குறைந்தால் தரை தளர்வு) 3க்குக் கீழே வந்தது. அந்த வலுக்குறைவான தரையில் துணி விளிம்புகள் 0.6 முதல் 1 மீட்டர் வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். நாங்கள் 1 மீட்டர் வைத்தோம். தரை கெட்டியாக இருந்தால் 300 மி.மீயே போதும். துணி அளவு கணக்கிடும்போது இந்த மேலடுக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கணிசமாகக் கூடும்.

இங்கே நெய்த துணியும் பொருந்தும் என்பதை மறைக்க விரும்பவில்லை. தட்டையான பிளாஸ்டிக் நாடாக்களால் நெய்த துணி மலிவு, இழுவிசைக்கு வலு அதிகம். நன்றாகச் சமன் செய்த, ஊற்று இல்லாத தரையில் நானே அதைப் பரிந்துரைப்பேன். எங்கள் திடலில் மரவேர்களும், அடியிலிருந்து கசியும் ஈரமும் இருந்தன. நெய்யாத துணி பாதிக்கும் மேல் நீண்டு கொடுத்துக் கல்லையும் வேரையும் சுற்றிப் படியும், அடியிலிருந்து ஏறும் தண்ணீரையும் விடும். அதனால் அதையே எடுத்தோம், வடிகால் துணியைவிட ஒரு வகுப்பு வலுக் கூடியதாக. துளை அளவில் இங்கே வடிகால் அளவுக்குக் கண்டிப்பு இல்லை, 0.43 மி.மீ வரை அனுமதி. துளைத்தலைத் தாங்கும் எண்ணைத்தான் பார்த்தேன்.

இழை மட்டும் பாலிப்ரோப்பிலீன். மேலே சுண்ணாம்பு கலந்து இறுக்கிய சரளை அடுக்கு வரப்போகிறது. பாலியஸ்டர் காரத்தில் நாளடைவில் வலுவிழக்கும். காரத்தை அளக்கும் பிஎச் எண் 9க்கு மேல் நீடிக்கும் இடத்தில் அதை நான் வைக்க மாட்டேன். பாலிப்ரோப்பிலீனுக்குக் காரத்தால் பாதிப்பு இல்லை.

லாரியை வெறும் துணி மேல் ஏற விடவே கூடாது. ஏற்கெனவே பரப்பிய சரளை மேல் பின்புறமாக வந்து கொட்டி, புல்டோசரால் முன்னே தள்ளிக்கொண்டே போனார்கள். துணிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எப்போதும் 150 மி.மீயாவது சரளை இருந்தது.

ஓடைக்கரை

நடாலுக்கு வந்த நம் முன்னோர் கோயில்களைத் தண்ணீர் ஓரம் கட்டினார்கள். உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும், அது பிறகு வேறிடத்தில் எழுந்ததும் டர்பன் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. எங்கள் கோயிலின் கீழே ஓடுவது சின்ன ஓடைதான். ஆனாலும் 2022இல் கரையைக் கணிசமாகத் தின்றுவிட்டது.

ஓடைக்கரையைத் தொடும் முன் காகித வேலை உண்டு. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், பிரிவு 21: நீரோட்டத்தைத் தடுப்பதும் திருப்புவதும், ஓடையின் படுகையையும் கரையையும் மாற்றுவதும் அனுமதிக்கு உட்பட்ட நீர்ப் பயன்பாடுகள். கோயில் வேலைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். கீழே இருக்கும் வீடுகளுக்கு நாம் அனுப்பும் தண்ணீர் அது.

கல் கூண்டுகளுக்கு அடியிலும் பின்புறமும்தான் தாத்தாவின் கனத் துணி போனது. இங்கே கற்கள் பெரியவை, 100 முதல் 200 மி.மீ, கூர் முனை உள்ளவை. கூண்டுக்கம்பியின் முடிச்சும் குத்தும். அடிபடும் இடத்தில் பருமன் தன் மதிப்பைக் காட்டும். எடுத்துவைத்த ரோலின் வெளிச்சுற்றுகள் வெயிலில் வெளுத்திருந்ததால் அவற்றை வெட்டி ஒதுக்கிவிட்டு உள்துணியை மட்டும் எடுத்தோம். ரோலில் எண் அட்டை இருந்ததால் அதன் தரவுத்தாளையும் வாங்க முடிந்தது. கரை மண்ணுக்கு அதன் துளை சரிப்படுமா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்கினோம், கரையில் செம்மண்ணைவிட மணல் அதிகம் என்பதால் சரிப்பட்டது. அட்டை இல்லாத ரோலாக இருந்தால், காணிக்கையே ஆனாலும், மண்ணுக்கடியில் வைத்திருக்க மாட்டேன்.

ஓடையில் அது பாலியஸ்டராக இருந்தது வசதி. பாலியஸ்டர் தண்ணீரைவிடக் கனம், மூழ்கும். பாலிப்ரோப்பிலீன் தண்ணீரைவிட லேசு, கல் வைக்கும் வரை மிதந்து நழுவிக்கொண்டே இருக்கும். கற்களை இயந்திர வாளியிலிருந்து உயரக் கொட்டாமல், கூண்டுக்குள் கையால் அடுக்கினோம். மெதுவான வேலை. ஆனால் அடியில் கிழிந்த துணியை மேலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

துணியின் மேல்விளிம்பை வெளியே தெரிய விடாமல் கரைக்குள் பள்ளம் வெட்டிப் புதைத்தோம். அதன் மேலே வரிசையாக வெட்டிவேர். வெட்டிய துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டினோம். இழை பிரிந்து ஓடைக்குப் போனால் நேரே கடலுக்குத்தான். மண்ணைக் காக்கும் துணியால் மீனைக் கெடுக்கக் கூடாது. வேலை நடந்த காலத்தில் செம்மண் கலங்கல் ஓடையில் இறங்காமல் இருக்கக் கீழ்ப்புறத்தில் கம்பு நட்டு வண்டல் வேலியும் கட்டியிருந்தோம். அதற்கு நெய்த துணியே போதும், போட்டதும் அதுதான்.

இப்போதைய நிலை

சுவருக்குப் பின்னால் குழாய் வாயில் தண்ணீர் தெளிந்து வருகிறது. முதல் மழைகளில் வந்த சிவப்புக் கலங்கல் நின்றுவிட்டது. ஆரஞ்சுக் கூழ் லேசாகப் படியத் தொடங்கியிருக்கிறது, மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கழுவ வேண்டும். திடலில் காவடிக் கூட்டம் வந்து போன பிறகும் சரளை மேலேயே இருக்கிறது. வளைவில் மட்டும் சக்கரம் திரும்பித் திரும்பிச் சரளை மெலிந்திருக்கிறது. அங்கே துணி தெரியும் முன் மேலும் ஒரு அடுக்கு கொட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஓடையின் கடைசிக் கூண்டு அடிப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கல் கூண்டு வளைந்துகொடுக்கும், அதனால் இன்னும் பயமில்லை. ஆனால் அடியில் துணி விலகி மண் அரிக்கிறதா, வெறுமனே மண் அமர்ந்ததா என்று மேலிருந்து சொல்ல முடியவில்லை. அளவுக்கம்பு ஒன்று நட்டு உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறோம். மூன்று துணிகளின் தரவுத்தாள், ரோல் எண், எந்த ரோல் எங்கே போனது என்ற வரைபடம், ஒவ்வொன்றிலும் ஒரு கை அகலத் துண்டு எல்லாம் கோயில் அலுவலக அலமாரியில் ஒரே கோப்பில் இருக்கின்றன. கூண்டு இன்னும் இறங்கினால் அடுத்த குளிர்காலத்தில் அந்த ஒரு கூண்டை மட்டும் பிரித்துப் பார்ப்பதாகப் பொறியாளரோடு பேசியாகிவிட்டது.